வேலைக்குப் போன மணி

போன வாரம் மார்த்தாண்டத்தில் பஸ்சுக்காக நிற்க வேண்டியிருந்தது. முட்டுவலிக்காரி அந்தச் சந்திப்பில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? பக்கத்து டயர் கடை வாசலில் கிடந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். எதிரே கல் லாரி ஒன்று நின்றது. நம் காலத்து லாரி இல்லை. பூரான் மாதிரி நீளம். ஒரு பக்கத்துச் சக்கரங்களை எண்ணி முடிப்பதற்குள் எனக்கு அலுத்துப்போய்விட்டது. கடைக்காரர் அதில் ஒரு சக்கரத்தைக் கழற்றி மிஷினில் படுக்கவைத்தார். மிஷின் ஒரு சுற்றுச் சுற்றியது. டயர் தனியாக வந்துவிட்டது. உள்ளே டியூப்பைக் காணோம்.

"ரிங்கு எங்க மக்கா?" என்று கேட்டேன்.

"எந்த ரிங்கு?"

"டயரு வெளிய வராம பிடிச்சு நிறுத்துமே, இரும்பு வளையம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளைச் சேலை கட்டி, கையில் மருந்துப் பையோடு இருக்கும் கிழவி கேட்கிற கேள்வியா இது? "அதெல்லாம் பழைய வண்டியில உள்ளதும்மா. இப்ப எல்லாம் ஒத்தைப் பீசாக்கும். அந்த ரிங்கு ஆளக் கொல்லும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். எங்கள் அம்மா அப்படிப்பட்ட ஒரு ரிங்குக்கு ஞானத்தாயாக இருந்தவள்.

நம் வயதுக்காரர்கள், அதுவும் கடல்புறத்தில் பிறந்தவர்கள், இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சிரித்தாலும் பரவாயில்லை. அந்த மழைக்காலத்தை நினைத்தால் எனக்கே சில நேரம் சிரிப்புதான் வருகிறது. ஆனால் சிரிப்புக்கு அடியில் இன்றைக்கும் ஒரு பிரமிப்பு அப்படியே கிடக்கிறது.

எங்கள் ஊர் மண்டைக்காட்டுக்கும் கடியப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு சின்ன மீன்பிடிக் கரை. அமாவாசையையும் பௌர்ணமியையும் நாங்கள் வாவு என்போம். அந்த ஆனி மாதம் ஒவ்வொரு வாவுக்கும் கடல் ஏறி வந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதல் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எங்கள் வீடு இரண்டாம் வரிசை. ஒரு நாள் காலையில் எழுந்து கதவைத் திறந்தால் நாங்கள் முதல் வரிசைக்காரர்கள் ஆகியிருந்தோம். அம்மா வாசலில் நின்று கடலையே பார்த்தாள். அப்பா சுவரில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தார்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த குருசடி தப்பித்தது. சிலுவை வைத்த சின்னக் கோயிலைத்தான் குருசடி என்கிறேன். அதன் முன்னால் நின்ற மணிக்கால் மட்டும் மணியோடு கடலுக்குள் போய்விட்டது. அது பெரிய இழப்பு. நேரத்துக்கு அடித்தால் அது செபத்துக்கான மணி. நேரம் தப்பி அடித்தால் கடலுக்குப் போன யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். தவழ்கிற பிள்ளைக்கும் எங்கள் கரையில் இது தெரியும். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, வேலைக்குப் போய்த் திரும்பாத அன்றைக்கு அடித்ததும் அதே மணிதான். கடலுக்குப் போவதை எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது என்றுதான் சொல்வார்கள்.

கடலோரம் கல் போட்டுத் தடுப்புக் கட்ட அரசாங்கம் சம்மதித்தது. மலையில் இருந்து கல் வர வேண்டுமென்றால் லாரி வர வேண்டும், லாரி வர வேண்டுமென்றால் எங்கள் மணல் சந்து கெட்டிப்பட வேண்டும். அதனால் முதலில் வந்தது ரோடு ரோலர். அதுவரை எங்கள் ஊரில் உருண்டவை மீன் வியாபாரிகளின் சைக்கிளும் கீழே விழுந்த தேங்காயும்தான். பாரம் என்றால் தலையில் ஏறும், இல்லை தோளில் ஏறும். ரோலரின் சக்கரத்தில் காற்றும் இல்லை, ரப்பரும் இல்லை. முழு இரும்பு. முன்சக்கரம் என்னைவிட உயரம். சந்தில் சரல் மண் கொட்டி அதன்மேல் அது நகர்ந்தபோது எங்கள் அடுக்களையில் சட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பாதத்தின் வழியாக அந்த அதிர்வு பல்வரைக்கும் ஏறியது. அது போன பிறகு அந்தத் தரையில் காலை ஓங்கி மிதித்துப் பார்த்தேன். பாதம் புதையவில்லை. பிறந்ததில் இருந்து மணலில் நடந்த எனக்கு அன்றுதான் தரை என்றால் என்னவென்று தெரிந்தது.

பிறகு லாரிகள் வந்தன. அதில் ஒன்று ரொம்பப் பழையது. ராணுவத்தில் ஓடி முடித்து ஏலத்தில் வந்தது என்று சொன்னார்கள். நாங்கள் பிள்ளைகள் புது லாரிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கிழட்டு லாரிதான் எங்களுக்கு வேண்டும். அதன் முன்சக்கரம் வயிறு தள்ளி நிற்கும். பின்சக்கரம் வயிறு ஒட்டி உள்ளே போயிருக்கும். பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டிரண்டு, நடுவில் கை நுழைகிற சந்து. சந்துக்குள் எங்கிருந்தோ வந்த ஒரு கல் மாட்டிக்கொண்டு கூடவே சுற்றும். லாரி போன பிறகு சக்கரத் தடத்தில் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக வைத்து நடப்போம். தடத்தைக் கலைத்தவளோடு அன்று முழுவதும் பேச மாட்டோம்.

அதை ஓட்டியவர் மார்த்தாண்டத்துக்கும் மேற்கே இருந்து வந்த, அய்யாவழி மார்க்கத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் துண்டால் கட்டிய பாகை. அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி மலையாளம். கடலைப் பார்த்தாலே அவருக்குப் பயம். லாரியின் முதுகை எப்போதும் கடலுக்குத்தான் காட்டி நிறுத்துவார்.

ஒரு நாள் கரையில் கல் இறக்கியபோது அந்த லாரிக்குப் பின்சக்கரம் பஞ்சரானது. அவர் மாற்றுச் சக்கரத்தைப் போட்டுவிட்டு, பஞ்சரான சக்கரத்தை அங்கேயே மணலில் படுக்கவைத்துப் பிரித்தார். நாங்கள் சுற்றி நின்றோம். "மாறி நில்லுங்க பிள்ளைகளே, மாறி நில்லுங்க" என்று துரத்தினார். ஓடுவோம், திரும்ப வருவோம். முதலில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் இறக்கினார். சத்தம் நின்ற பிறகும் நம்பவில்லை. வால்வுக்குள் ஒரு கம்பியை விட்டு, காதை வைத்துக் கேட்டார். அப்புறம்தான் சக்கரத்தின் விளிம்பில் கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பினார். விளிம்பில் இருந்து ஒரு வளையம் கிளம்பி வந்தது. முழு வளையம் இல்லை, ஓரிடத்தில் வாய் பிளந்தது. பெருவிரல் தடிமன்தான் இருக்கும். அதை எடுத்ததும் டயர் கழன்று தனியாகப் போனது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை சக்கரம் என்பது ஒரே பொருள் என்று நினைத்திருந்தேன். அது டயராகவும் டியூபாகவும் நடுவில் உள்ள இரும்பு வட்டாகவும் வளையமாகவும் பிரிந்து கிடந்தது. எங்கள் வீட்டளவு கல்லை லாரி சுமக்கிறது, லாரியைச் சக்கரம் சுமக்கிறது, சக்கரத்தைக் காற்று சுமக்கிறது, அந்தக் காற்றை வெளியே விடாமல் அணைத்துப் பிடித்திருப்பது இந்த வாய் பிளந்த வளையம் ஒன்றுதானா? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வருகிறதோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

டிரைவர் டயரையும் டியூபையும் ஒட்டுப்போட மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோனார். வட்டையும் வளையத்தையும் குருசடிச் சுவரில் சாய்த்துவைத்து, "இங்க கெடக்கட்டு, வந்து எடுக்கேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் அடைமழை பிடித்தது. லாரிகள் வரவில்லை.

மழை நாளில் எங்களில் ஒருத்தி வளையத்தைத் தூக்கப் பார்த்து முடியாமல் கல்லின்மேல் போட்டுவிட்டாள். அதன் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? நீளமாக, மெலிதாக, மழைக்குள் போய்க்கொண்டே இருந்தது. குருசடியில் மணியடிக்கிறவர், ஊருக்கே மாமா, கஞ்சிக் கோப்பையோடு ஓடி வந்தார். இன்னொரு தடவை தட்டச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "கடலு எடுத்தத மலை தந்துட்டு" என்றார்.

அன்றே வளையத்தை எங்கள் முற்றத்துப் பூவரசில், பிளந்த வாய் கீழே வரும்படி கட்டித் தொங்கவிட்டார். அந்த வாரம் பங்குச் சாமியார் வந்தார். புதியவர், இளவயது. வலையைக் கொண்டுபோனால் செபம் சொல்லி மந்திரிப்பார், கட்டுமரத்தைக் காட்டினால் மந்திரிப்பார். வளையம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அதையும் மந்திரித்தார். மணிக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைப்பது பழைய வழக்கம். பிள்ளைக்கு இருப்பதுபோல மணிக்கும் ஒரு ஞானத்தாய் வேண்டும். எங்கள் மரத்தில் தொங்கியதால் அம்மாவைப் பிடித்தார்கள். அம்மா முக்காடு போட்டு, இரண்டு கையிலும் அந்தப் பாரத்தை ஏந்தி, சாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம் வளையத்துக்காகப் பதில் சொன்னாள். பசாசை விட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னாள்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் துருப் பிடிக்காமல் வளையத்துக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தாள். பெருமழைக்குச் சாக்கைப் போட்டு மூடினாள். சாயங்காலம் மணி அடித்தால், "எம் பிள்ள கூப்பிடுது" என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் செபத்துக்குப் போனாள். என் தலைக்கு அவள் அவ்வளவு எண்ணெய் வைத்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மழை விட்டு லாரி வந்தபோது டிரைவர் சுவரோரம் தேடினார். வட்டு கிடந்தது. நிமிர்ந்து பார்த்தார். பூவரசில் அவருடைய வளையம் செவ்வந்தி மாலையோடு தொங்கியது.

"இது எனக்க லாரிக்க ரிங்கில்லியா?"

"இது மணியாக்கும்" என்றார் மாமா. "மந்திரிச்சாச்சு."

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "செரி. தூரமாட்டு கேக்குமா?"

"மண்டைக்காடு வரைக்கும் கேக்கும்" என்று மாமா அளந்துவிட்டார்.

டிரைவர் வட்டை மட்டும் உருட்டிக்கொண்டு போனார். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அவர் வழக்கத்தில் இல்லை போல. ஆனால் ரிங் இல்லாமல் அந்த வட்டில் டயரைப் பூட்ட முடியாது. அந்தக் காலத்து லாரிக்கு ரிங் எல்லாக் கடையிலும் கிடைக்காது. இனி ஒரு சக்கரம் போனால் மாற்ற எதுவும் இல்லாமல்தான் அவர் ஓட்டினார். அது எங்களில் யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஆடி வாவு அன்று விடியும்போதே கடல் ஒரு மாதிரியாக இருந்தது. வெள்ளம் முற்றத்துக்கு வந்து வந்து திரும்பியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மண்ணை எடுத்துப்போனது. எங்கள் வீட்டுக்கு நேராக மட்டும் இன்னும் கல் விழவில்லை. மூன்று லாரியும் கல்லோடு கிளம்பிவிட்டன என்று தகவல் வந்தது. அப்பா பெட்டியையும் பாயையும் சாலைப்பக்கம் சுமந்தார். அம்மா சுமக்கவில்லை. "கல்லு வந்துரும். எதுக்குக் கெட்டிப் பெறக்குதிய?" என்று வாசலிலேயே நின்றாள்.

சந்துக்குள் பழைய லாரிதான் முதலில் நுழைந்தது. எங்கள் வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பெரிய வெடிச்சத்தம். இடப்பக்கப் பின்சக்கரம் வெடித்து, அதன் ரிங் கழன்று, லாரியின் பாரத்துக்கு அடியிலேயே மாட்டி முறுக்கிக்கொண்டது. லாரி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. இரண்டு பக்கமும் தென்னையும் வேலியும். பின்னால் வந்த இரண்டு லாரிகளுக்கும் முன்னால் வர வழி இல்லை. கல்லை அங்கேயே இறக்கினால் சந்தே அடைபட்டுவிடும்.

ஊர் முழுக்கக் கூடிவிட்டது. அப்பா பாய்ந்து போய் டிரைவர் கையில் இருந்த ஸ்பானரைப் பிடுங்கி நட்டைத் திருப்பினார். கடலில் துடுப்புப் போட்ட கை. கழுத்து நரம்பு புடைத்தது, நட்டு அசையவில்லை.

"அண்ணே, நீங்க முறுக்குதிய" என்றார் டிரைவர். "இடப்பக்கத்து நட்டு மத்த மாதிரி திரியும்."

அப்பா எதிர்ப்பக்கம் திருப்பினார். கழன்றது. யாரோ சிரித்தார்கள். அப்பாவுக்கு அதில் கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை.

வேறு டயரும் டியூபும் இருந்தன. ரிங் இல்லை. கல் குத்தகைக்காரரின் சூப்பர்வைசர் பின்னால் நின்ற லாரியில் இருந்து ஒரு ரிங்கை எடுத்து வந்தார். அது வேறு கம்பெனி லாரியுடையது. வட்டில் வைத்துச் சுத்தியலால் தட்டினார். பார்க்கப் பொருந்திய மாதிரிதான் இருந்தது. டிரைவர் குனிந்து விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார்.

"இது இதுக்குள்ளது இல்ல. காத்து அடிக்காண்டாம்."

"வட்டம்னா வட்டந்தானே? அடிலே" என்றார் சூப்பர்வைசர்.

"நான் அடிக்க மாட்டேன்."

அப்போது அவரைத் திட்டாதவர்கள் இல்லை. வேலை செய்ய மடி என்றார்கள். மேற்குக்காரனுக்குக் கடல்புறத்துக்காரன் வீடு போனால் என்ன என்றார்கள். அப்பா, "பயந்தாங்கொள்ளிப் பயலே, எம் வீடு போவுது" என்று கத்தினார். அம்மாவும்தான். "அண்ணே, எதையாவது ஒண்ண மாட்டி இங்க கொண்டு வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். டிரைவர் ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். பிள்ளைகளைத் தென்னைகளுக்குப் பின்னால் ஓட்டினார். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அத்தனை வசவுக்கு நடுவில் அந்த மனுஷன் எங்கள் உயிரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்று புரிகிறது.

சூப்பர்வைசரே பின் லாரியின் காற்றுத் தொட்டியில் இருந்து குழாயை இழுத்துவந்து மாட்டினார். சக்கரம் தரையில் படுத்திருந்தது. டயர் மெல்ல உப்பியது. நான் தென்னைக்குப் பின்னால் இருந்து ஒரு கண்ணால் பார்த்தேன்.

சத்தம் முதலில் வந்ததா, ரிங் முதலில் போனதா, எனக்குத் தெரியாது. சக்கரம் ஆள் உயரத்துக்குத் துள்ளி விழுந்தது. ரிங் நேராக மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. வானத்தில் அது ஒரு வளையலாகி, மோதிரமாகி, ஒரு கணம் அங்கேயே நின்ற மாதிரி இருந்தது. பயப்பட வேண்டிய நேரத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவ்வளவு அழகாக எதையும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு அது இறங்கி வந்து ஒரு தென்னையின் மண்டையைப் பிளந்துகொண்டு உள்ளே செருகியது. இளநீர்க் குலை அப்படியே சரிந்து விழுந்தது. அந்தத் தென்னை பிறகு காய்க்கவில்லை. வளையத்தை எடுக்க யாரும் ஏறவும் இல்லை.

சூப்பர்வைசர் மணலில் உட்கார்ந்திருந்தார். அடி எதுவும் இல்லை. கடல் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இதுக்குள்ள ரிங்கு ஒண்ணுதான் உண்டு" என்றார் டிரைவர். அவர் கையை நீட்டிக் காட்டவில்லை. ஆனால் எல்லோரும் பூவரசைத்தான் பார்த்தார்கள்.

மணியடிக்கும் மாமா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மந்திரிச்ச பொருள லாரியில மாட்டவா? சாணியில உருளவா? நான் சம்மதிக்க மாட்டேன்." சாமியாரைக் கேட்கலாம் என்றார் ஒருவர். சாமியார் தூரத்து ஊர் ஒன்றுக்குப் போயிருந்தார். அதற்குள் அடுக்களையின் பின்சுவர் சரிந்த சத்தம் கேட்டது. மாமா அழுதே விட்டார். "ஞானத்தாய் சொல்லட்டும். அவ சொன்னா செரி" என்றார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வீட்டைப் பார்த்தாள். உடனே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். வீடு அவளுடையதல்லவா? அவள் சொல்லவில்லை. மரத்தடிக்குப் போய் வளையத்தின்மேல் கையை வைத்தாள்.

"அண்ணே, இது தாங்குமா?"

"தாங்கும். இதுக்க வேலையே அதாக்கும்."

"அடிப்பியளா?"

"தட்டித்தான் பூட்டணும் தங்கச்சி."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்டுல ஆருதான் வேலைக்குப் போவல? இதும் போட்டு" என்றாள். அவிழ்த்து, மாலையை எடுத்துக் குருசடிப் படியில் வைத்துவிட்டு, ஞானஸ்நானத்துக்கு ஏந்தின மாதிரியே ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தாள். "பத்திரமா கொண்டு வந்து விடணும், கேட்டியளா?"

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாங்கினார். வட்டின் பள்ளத்தில் இருந்த துருவைச் சுரண்டித் துடைத்தார். ரிங்கை வைத்துச் சுற்றிலும் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மணிச் சத்தம் வந்தது, பெண்கள் சிலர் தங்களையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டார்கள். விளிம்பு உள்ளே இறங்க இறங்க அந்தச் சத்தம் மங்கி, கடைசியில் வெறும் இரும்புச் சத்தமாகிவிட்டது. அப்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இத நல்லாக் கெட்டணும், கயிறு உண்டுமா?" என்றார் டிரைவர். அப்பா கட்டுமரக் கயிற்றைக் கொண்டுவந்தார். வட்டின் ஓட்டைகள் வழியாகக் கோத்து, டயரைச் சுற்றிச் சுற்றி, கட்டுமரம் கட்டுகிற முடிச்சையே போட்டார். டிரைவர் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான் அவர்கள் இருவரும் சமாதானமான விதம்.

எல்லோரும் விலகினார்கள். அம்மா விலகவில்லை.

"எம் பிள்ள என்ன ஒண்ணும் செய்யாது."

"காத்து ஏறினா அதுக்குத் தாயும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. மாறி நில்லு தங்கச்சி." அன்றுதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். அம்மா வந்து என் தென்னைக்குப் பின்னால் நின்றாள். அவள் கை என் தோளை நசுக்கியது.

டயர் உப்பியது. கயிறு முறுகியது. உள்ளே எங்கோ 'டக்' என்றது. எல்லோரும் தலையைக் குனிந்தோம். ஒன்றும் பறக்கவில்லை. வளையம் தன் இடத்தில் உட்கார்ந்த சத்தம் அது. டிரைவர் பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இருட்டுவதற்குள் மூன்று லாரிக் கல்லும் எங்கள் முற்றத்து முன்னால் விழுந்தது. கடல் வந்து கல்லில் மோதி, வெள்ளையாகச் சிதறித் திரும்பிப் போனது. அடுக்களை போய்விட்டது. வீடு நின்றது. நான் ஈரக் கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு, இதை இங்கே கொண்டுவந்து சேர்த்தது எண்ணெய் தேய்த்த அந்த வளையம்தானே என்று நம்ப முடியாமல் நின்றேன். அதோடு என் பொறாமையும் போய்விட்டது.

அதற்குப் பிறகு பழைய லாரி வரும் சத்தம் கேட்டால் அம்மா வேலையைப் போட்டுவிட்டு வேலியோரம் வந்து நிற்பாள். இடப்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பார்ப்பாள். சாமியார் வந்து மணி எங்கே என்று கேட்டபோது ஊரே தரையைப் பார்த்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சக்கரத்துக்கு ஒரு தடவை தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மாமா செபத்துக்கு ஒரு பித்தளைத் தட்டை அடித்தார். அதற்குக் கோழிகள்தான் ஓடி வந்தன.

புரட்டாசியில் கல் வேலை முடிந்தது. லாரிகள் வருவது நின்றது. டிரைவர் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார் என்று ஊரில் பேசினார்கள். லாரிக்காரன் எங்கே திருப்பித் தரப் போகிறான் என்றார் அப்பா. அம்மா பித்தளைத் தட்டின் சத்தம் கேட்டால் எழுந்து கதவைச் சாத்தினாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. கடல் அடங்கி, அப்பாவும் மற்றவர்களும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா கடியப்பட்டணத்தில் மீன் எடுத்து, ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்து நடந்தாள், நான் கூட நடந்தேன். வெயில் உச்சிக்கு ஏறவில்லை. செபத்துக்கான நேரமே இல்லை. ஊருக்குள் திரும்பும் இடத்தில் அது கேட்டது. நீளமாக, மெலிதாக. மறுபடியும். மறுபடியும்.

அம்மா நின்றாள். மணி வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நேரம் உறைத்தது. கடவம் சாலையில் விழுந்து மீன் சிதறியது. அம்மா ஓடினாள். அவள் ஓடி அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வீட்டில் இருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள், கையில் மாவோடு, இடுப்பில் பிள்ளையோடு. எல்லோரும் கற்களின்மேல் ஏறி நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துக் கடலில் பாய்களைத் தேடினார்கள். தங்கள் ஆள் பாய் தெரியாத இரண்டு பேர் அலற ஆரம்பித்துவிட்டார்கள்.

மணி நிற்கவில்லை. பூவரசடியில் டிரைவர் நின்றார். சந்தில் பழைய லாரி, அதில் புது ரிங் போட்ட சக்கரம். கையில் சுத்தியல், முகம் நிறையச் சிரிப்பு. இவ்வளவு பெண்கள் ஓடி வந்தது மணியைக் கண்ட சந்தோஷத்தில் என்று அவர் நினைத்துவிட்டார்.

"தங்கச்சி, கொண்டு வந்தாச்சு. மாத்து ரிங்கு கிட்டினது இப்பந்தான். கேக்குதாண்ணு அடிச்சுப் பாத்தேன்."

"பாவி மனுசா, நேரங்கெட்ட நேரத்துல அடிச்சா என்னண்ணு தெரியுமா ஒமக்கு?" என்று ஒருத்தி கூந்தலை முடிந்துகொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும் டிரைவரின் சிரிப்பு போய்விட்டது. சுத்தியலை வைத்துவிட்டு மரத்தடியிலேயே குந்தினார். கற்களின்மேல் அழுதுகொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்தார். அதன்பிறகு அவர் கடலைப் பார்த்தார், முதல்முறையாக, நேராக.

கடலில் பாய்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அப்பாவின் பாயும் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். டிரைவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. இறங்கி வந்து, இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். சத்தம் நின்றது. உடம்பெல்லாம் கிரீசும் தாரும் அப்பி, விளிம்பில் புதுச் சிராய்ப்புகளோடு இருந்தது. எங்கள் கரையில் வேலைக்குப் போன எல்லோரும் திரும்பி வந்ததில்லை. அம்மாவுக்கு அது தெரியும்.

சேலை முந்தியால் ஒரு பக்கத்தைத் துடைத்துப் பார்த்தாள். முந்திதான் அழுக்கானது.

"கறுத்துப் போச்சே எம் பிள்ள" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, உள்ள போய் எண்ணெய எடுத்துட்டு வா" என்றாள்.